முள் ஏறாத வண்டி

பவுன்ராஜ் அண்ணனை என் அப்பா திருடனாக்கினார். வாயால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே நான் பதிலுக்குப் பேசி முடித்திருப்பேன், இன்றைக்கு இந்த பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து இப்படிப் புழுங்கிக்கொண்டிருக்க மாட்டேன். அப்பா என்ன செய்தார் தெரியுமா? சாவிக்கொத்தைக் கையில் வாங்கினார். அதிலிருந்து பெட்ரோல் மூடிச் சாவியை மட்டும் தனியாகக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மிச்சத்தை பவுன்ராஜ் அண்ணனிடமே திருப்பிக் கொடுத்தார். "பெட்ரோல் போடணும்னா எங்கிட்டச் சொல்லு" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒருவரை என்ன சொல்ல வேண்டும்?

நீங்கள்தானே அக்கா கேட்டீர்கள், போடியில் ஏறினதிலிருந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வருகிறாயே, வீட்டில் சண்டையா என்று. சண்டைதான். ஆனால் இப்போது சண்டை போடக்கூடத் தெம்பில்லை. ஆண்டிபட்டி கணவாய் தாண்டுவதற்குள் சொல்லி முடித்துவிடுவேன். இல்லை, உசிலம்பட்டி ஆகும். நான் கொஞ்சம் நீட்டித்தான் பேசுவேன். மதுரையில் சமூகவியல் எம்.ஏ. படிக்கிறேன், எங்கள் டிபார்ட்மெண்டில் யாருக்கும் என்னோடு வாதம் பண்ணப் பிடிக்காது. நான் தோற்கிறதில்லை என்பதால் இல்லை, நிறுத்துகிறதில்லை என்பதால்.

அப்பாவுக்கு ஏலக்காய் வியாபாரம். போடிமெட்டுக்கு மேலே சின்னதாக ஒரு தோட்டமும் உண்டு. வாரத்தில் பாதி நாள் கார் மலைக்கு ஏறி இறங்கும். கார் பழசு. நான் ஏழாவது படிக்கும்போது செகண்ட் ஹேண்டில் வாங்கினது, பவுன்ராஜ் அண்ணனும் அதோடு வந்தவர்தான். என்னை ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விட்டதும் அவர்தான், யுனிவர்சிட்டியில் சேர்ந்த அன்றைக்குப் பெட்டியை ஹாஸ்டல் மாடிக்குத் தூக்கி வந்ததும் அவர்தான். என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். இருபத்திரண்டு வயதில் ஹாஸ்டல் வாசலில் நிறுத்தி பாப்பா என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொன்னதில்லை.

அந்த வண்டி நல்லா இருந்த காலத்தில் லிட்டருக்குப் பதினான்கு கிலோமீட்டர் கொடுக்கும். அப்பா அதில் கெட்டிக்காரர். டேங்க்கை நிரப்புவார், ஓடின தூரத்தைப் பார்ப்பார், மறுபடி நிரப்புவார், கணக்கெல்லாம் மனசிலேயே. போன வருஷம் அவருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆச்சு. மலைக்குப் போக முடியாது. பவுன்ராஜ் அண்ணன் மட்டும் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு மேலே போய் வர ஆரம்பித்தார். அப்போதுதான் அப்பா கவனிக்கிறார், வண்டி பத்துக்கு இறங்கிவிட்டது. அதுவும் சில தடவை ஒன்பது.

இப்போது அப்பா போட்ட கணக்கைப் பாருங்கள். தான் பின்சீட்டில் இருந்த வரைக்கும் பதினான்கு. தான் இல்லாமல் பத்து. மிச்சம் எங்கே போனது? இதுதான் அவர் தர்க்கம். நான் கேட்டேன், "ஏம்ப்பா, வண்டிக்கு வயசாகாதா, உங்களுக்கு ஆன மாதிரி?"

"வயசானா ஒரே மாசத்துலயா ஆகும்?"

"உங்களுக்கு முழங்கால் ஒரே நாள்ல போகலையா?"

அம்மா உள்ளேயிருந்து, "ரெண்டு பேரும் நல்லாப் பேசுங்க, சோறு ஆறட்டும்" என்றாள். எங்கள் வீட்டில் எல்லா விவாதமும் இப்படித்தான் முடியும்.

அந்த வாரம்தான் அப்பா சாவியைக் கழற்றினது. நான் மதுரையில் இருந்தேன். பத்து நாள் கழித்து அம்மா போனில் வேறு எதையோ சொல்லிக்கொண்டே வந்தவள், நடுவில் இதைச் சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது அக்கா. வீட்டு வேலை செய்கிறவர்களை முதலாளிகள் எப்படிச் சந்தேகத்தின் மூலமாகவே கட்டுப்படுத்துகிறார்கள் என்று அந்த செமஸ்டர் முழுக்க எழுதிக்கொண்டிருந்தேன். என் சொந்த வீட்டில் அதே நடக்கிறது, அதுவும் பவுன்ராஜ் அண்ணனுக்கு. சனிக்கிழமையே பஸ் ஏறிவிட்டேன்.

வந்ததும் அப்பாவிடம் கேட்டேன். "சாவி உங்க பாக்கெட்ல வந்து ரெண்டு வாரம் ஆச்சு. இப்ப வண்டி எவ்வளவு குடுக்குது?"

"பத்துதான்."

"அப்ப யாரு எடுக்குறா? நீங்களா?"

அப்பா பேப்பரில் ஒரு பக்கத்தைத் திருப்பினார். பிறகு, "டூப்ளிகேட் போட்டிருப்பான்" என்றார்.

பாருங்கள். சாவியைப் பிடுங்கியும் மைலேஜ் ஏறவில்லை என்றால் அந்த ஆள் நிரபராதி என்றுதானே அர்த்தம்? இவருக்கு அது இன்னொரு குற்றத்துக்குச் சாட்சியாகிவிட்டது. இப்படிப்பட்ட ஆளிடம் கோபப்பட்டு என்ன பிரயோஜனம்? ஆதாரம்தான் வேண்டும். மறுக்க முடியாத ஆதாரம். அன்றைக்கே முடிவு பண்ணினேன், பவுன்ராஜ் அண்ணனுக்காக இதை நான் நிரூபித்தே தீருவேன் என்று.

அவரிடம் போய்ச் சொன்னேன். ஷெட்டில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அப்பா பண்ணது எனக்குத் தெரியும். நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. ஏன் குறையுதுன்னு கண்டுபிடிச்சு அவர் முன்னாடி வைக்கிறேன்."

"எதுக்குப் பாப்பா, விடு."

"விடக்கூடாதுண்ணே. இது உங்க பேரு."

அவர் துணியைப் பிழிந்தார். "சரி, ஒனக்கு எப்படித் தோணுதோ" என்றார்.

ஒவ்வொரு சனி ஞாயிறும் இதுதான் எனக்கு வேலை. முதலில் டயரில் காற்று. கொஞ்சம் குறைவாக இருந்தது, சரி பண்ணினோம், மைலேஜ் அசையவில்லை. ஏர் ஃபில்டரைக் கழற்றினால் மலைத்தூசி அப்பியிருந்தது. புதுசு மாற்றினோம். அதுவும் இல்லை. பிளக் மாற்றினோம். பிரேக் பிடித்துக்கொண்டே இருந்தால் வண்டி இழுத்துக்கொண்டு போகும், பெட்ரோல் தின்னும் என்று படித்தேன். ஜாக்கி வைத்துத் தூக்கி நாலு சக்கரத்தையும் பவுன்ராஜ் அண்ணனைக் கையால் சுற்றிவிடச் சொன்னேன். நாலும் லேசாகச் சுற்றின. வண்டிக்கு அடியில் பேப்பர் விரித்து ஒழுகுகிறதா என்று பார்த்தோம். பங்க்கை மாற்றிப் பார்த்தோம், தேனி போகிற வழியில் ஒன்று, சின்னமனூரில் ஒன்று. எல்லாத்துக்கும் அவர் கூட நின்றார். நான்தான் அவருக்குத் தெம்பு சொல்லிக்கொண்டே இருந்தேன். கண்டுபிடித்ததும் அப்பா முகத்தைப் பார்க்கணும்ண்ணே என்பேன். அவர் சிரிக்க மாட்டார். மனசு அவ்வளவு அடிபட்டுப் போயிருந்தது, அந்தச் சாவியால்.

எஞ்சின் சூடாகிறதா என்றும் பார்த்தேன். அதில் எங்களுக்குப் பெருமைதான். சூட்டைக் காட்டுகிற முள் ஏறவே ஏறாது. ஆபரேஷனுக்கு முந்தின சித்திரையில் போடிமெட்டு ஏறும்போது ரேடியேட்டர் கொதித்து நடுவழியில் நின்றுபோனது, அப்பாவும் நானும் வளைவில் குரங்குகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தோம். அப்புறம் மெக்கானிக் இபுறாகீம் பாய் ஷெட்டில் விட்டு எடுத்ததிலிருந்து முள் கீழேயே படுத்துக் கிடக்கும். எவ்வளவு மலை ஏறினாலும் எழுந்திருக்காது. அப்பா வருகிறவன் போகிறவனிடமெல்லாம் இதைச் சொல்லுவார், பவுன்ராஜ் அண்ணனும் சொல்லுவார், "பாப்பா, பச்சத் தண்ணி மாதிரி ஓடுது" என்று. அதனால் எஞ்சின் பக்கம் நான் போகவே இல்லை. நல்லா இருக்கிறதை எதற்கு நோண்ட வேண்டும்?

ஆனால் அந்த டூப்ளிகேட் பேச்சு இருக்கிறதே, அதற்கு ஒரு முடிவு கட்டினேன். பெட்ரோல் மூடியின் மேல் ஒரு காகிதத்தை வைத்து டேப் ஒட்டி, அதில் என் கையெழுத்தைப் போட்டேன். யார் திறந்தாலும் கிழியும். பெட்ரோல் போடுவது நான் ஊரில் இருக்கிற சனி ஞாயிறில் மட்டும், போட்டதும் புது டேப். இப்போது டூப்ளிகேட் சாவி நூறு இருந்தாலும் அப்பாவால் எதுவும் சொல்ல முடியாது இல்லையா? பவுன்ராஜ் அண்ணனுக்கு அது கவசம். அவரிடமும் அப்படித்தான் விளக்கினேன். அவர் அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்லா எழுதுற பாப்பா" என்றார்.

அப்பா என்ன சொன்னார் என்று நினைக்கிறீர்கள்? "மெல்ல உரிச்சு ஒட்ட முடியாதா?"

சரி, அதையும் அடைத்தேன். பவுன்ராஜ் அண்ணனிடம், நான் மதுரையில் இருக்கிற நாளெல்லாம் வண்டி எடுக்கும்போது அந்த டேப்பை ஒரு போட்டோ, திரும்பி வந்ததும் ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். அவருக்குப் போட்டோ எடுக்க வராது, நான்தான் சொல்லிக் கொடுத்தேன். ஒரு நாள் தவறாமல் அனுப்பினார். கிளாஸில் உட்கார்ந்திருப்பேன், போன் அதிரும், பார்த்தால் பெட்ரோல் மூடி. என் ரூம்மேட் கேலி பண்ணுவாள், "ஒனக்கு மட்டும்தான்டி காலையில குட்மார்னிங்குக்குப் பதிலா பெட்ரோல் டேங்க் வருது" என்று. சில போட்டோவில் வண்டி முழுக்கக் கழுவின ஈரம் மின்னும். அந்த டேப்பைச் சுற்றி மட்டும் ஒரு சாண் அகலத்துக்குத் தூசி அப்படியே இருக்கும். ஆதாரம் நனைந்துவிடக் கூடாது என்று அவ்வளவு கவனமாகக் கழுவியிருக்கிறார். அந்த அக்கறையைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம் ஒரு நாள் காலை போட்டோ வரவில்லை. சாயந்திரமும் வரவில்லை. அம்மாவுக்குப் போன் பண்ணினேன். பவுன்ராஜ் அண்ணன் வந்து சாவிக்கொத்தை அம்மா கையில் கொடுத்துவிட்டு, முதுகு வலி, மலைப்பாதை இனி ஒத்துக்காது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். முதுகு வலியாவது ஒன்றாவது. அடுத்த வாரமே ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார் என்று தெரிந்தது. அப்பாவிடம் போனில் கத்தினேன். "பாத்தீங்களா? உங்க ஒரு சாவி ஒரு மனுஷனை வீட்டை விட்டே அனுப்பிருச்சு." அப்பா, "குத்தமுள்ளவன் போயிட்டான்" என்றார். நான் போனை வைத்துவிட்டேன். வாதத்தில் நான் போனை வைப்பவள் இல்லை, அக்கா. அன்றைக்கு வைத்தேன்.

ஆக்டிங் டிரைவர் ஒருவரைப் பிடித்தார்கள். அப்பவும் மைலேஜ் பத்துதான். "இப்ப?" என்று கேட்டேன். "டிரைவருங்க எல்லாம் ஒருத்தனுக்கொருத்தன் சொல்லிக்குடுத்துக்குவாங்க" என்றார் என் தகப்பனார். இவரை வைத்துக்கொண்டு நான் பி.எச்டி. பண்ணலாம்.

போன மாசம் அப்பா முழங்காலைக் காட்ட மதுரைக்கு வந்தார். அவர் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்த நேரத்தில் ஆக்டிங் டிரைவரை அழைத்துக்கொண்டு, எங்கள் யுனிவர்சிட்டிக்குப் போகிற வழியில் இருக்கிற ஒரு ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டேன். அங்கே கம்ப்யூட்டரை மாட்டிப் பார்ப்பார்கள் என்று ரூம்மேட் சொல்லியிருந்தாள். அந்த மெக்கானிக் வயரைச் செருகினார், திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எங்கருந்து வர்றீங்க?" என்றார். போடி என்றேன். "அவ்வளவு தூரம் ஓடிவந்த எஞ்சின் இது. இப்பத்தான் ஸ்டார்ட் பண்ணின மாதிரி காட்டுது."

எஞ்சின் சூடாகிற வரைக்கும் தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் மூடி வைக்க ஒரு சின்ன வால்வு உண்டாம். தெர்மோஸ்டாட். அது இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. கழற்றி எறிந்திருக்கிறார்கள். அதனால் தண்ணீர் நேரமெல்லாம் சுற்றிச் சுற்றி எஞ்சினைக் குளிர வைத்துக்கொண்டே இருக்கிறது. எஞ்சின் தான் இன்னும் விடிகாலைக் குளிரில் நிற்பதாக நினைத்துக்கொண்டு பெட்ரோலைக் கூடுதலாக இழுத்துக்கொண்டே இருக்கிறது. மலைமேல் மழைக்காலத்தில் இன்னும் மோசம். நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோமே, முள் ஏறவே ஏறாது என்று, அதுதான் நோய்.

இபுறாகீம் பாயிடம் போனில் கேட்டேன். அவருக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. "நம்ம வெயிலுக்கு அது என்னத்துக்கும்மா? கொதிக்குதுன்னு வர்ற வண்டிக்கெல்லாம் கழட்டிருவேன். ஒங்க அப்பாவே பக்கத்துல நின்னு, தூக்கி எறிங்க பாய்ன்னாரே." கழற்றின அந்த வாரமே அப்பா முழங்கால் ஆபரேஷனுக்குப் படுத்துவிட்டார். வண்டி ரெண்டு மாசம் வீட்டு ஷெட்டில் நின்றது. திரும்ப எடுத்தபோது பின்சீட்டில் அப்பா இல்லை. முன்சீட்டில் பவுன்ராஜ் அண்ணன் இருந்தார், அதனால் கை அவரை நோக்கி நீண்டது.

புது வால்வு போட்டு ரேடியேட்டரையும் அடைப்பெடுத்தோம். வண்டி மறுபடி பதிமூன்றரை, பதினான்கு என்று வந்து நிற்கிறது. முள் பாதிக்கு ஏறி நிற்கிறது, கொதிக்கவும் இல்லை. நேற்று அப்பா முன்னால் எல்லாவற்றையும் வைத்தேன். வரிசையாக, ஒன்று விடாமல்.

அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். "சரி" என்றார்.

"சரின்னா?"

"சரின்னா சரி. வரச் சொல்லு."

"மன்னிப்புக் கேக்கணும்ப்பா."

"நான் எங்க அவனத் திருடன்னு சொன்னேன்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கேனா? என் வண்டி, என் சாவி, என் பையில வச்சுக்கிட்டேன்."

"போனவுடனே குத்தமுள்ளவன்னு சொன்னீங்களே."

"அது ஒங்கிட்டச் சொன்னது. அவங்கிட்டச் சொல்லல."

அம்மா சொன்னாள், "எங்கிட்டயே இந்த மனுஷன் ஒரு நாளும் கேட்டதில்ல, டிரைவர்கிட்டக் கேப்பாரா? நீ போய் சொல்லிட்டு வா, போ." கடைசியில் அப்பா அந்தச் சாவியை எடுத்து மேஜையில் வைத்தார். அவருடைய கணக்கில் அதுதான் மன்னிப்பு.

இன்றைக்குக் காலையில் பஸ்ஸுக்கு முன்னால் பவுன்ராஜ் அண்ணன் வீட்டுக்குப் போனேன். ரயில் லைனுக்கு அந்தப் பக்கம் வீடு. அவர் மனைவி பாண்டியம்மாள் அக்கா ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, கேட்காமலே காபி கொண்டுவந்தது. அவர் வேன் எடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார், காக்கிச் சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டே வந்து எதிரே நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

எல்லாம் சொன்னேன் அக்கா. வால்வு, தண்ணீர், எஞ்சின், இபுறாகீம் பாய். அப்பாவே பக்கத்தில் நின்று எறியச் சொன்னது வரைக்கும். பாண்டியம்மாள் அக்கா வாயில் கை வைத்துக்கொண்டு கேட்டது. அப்புறம் போனைத் திறந்து அவர் அனுப்பின போட்டோக்களையெல்லாம் தள்ளித் தள்ளிக் காட்டினேன். "பாருங்கண்ணே, ஒரு நாள்கூட டேப் கிழியல. ஒரு நாள்கூட. இனி யாரு என்ன சொல்ல முடியும்?" என்றேன்.

பாண்டியம்மாள் அக்கா எட்டிப் பார்த்தது. "இதுதானா அது? தெனமும் குனிஞ்சு குனிஞ்சு படம் புடிப்பாரு. என்னன்னு கேட்டா, பாப்பா காலேஜுல ஏதோ பரீட்சைக்குக் கேக்குதுன்னாரு."

அவர் மனைவியைப் பார்த்து, "நீ உள்ள போ" என்றார். வீட்டில் ஏன் பொய் சொல்லியிருக்கிறார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அவருக்குச் சாதகமான விஷயம்தானே அது? சொல்வதில் என்ன இருக்கிறது?

சாவிக்கொத்தை நீட்டினேன். அப்பா திரும்ப வரச் சொல்கிறார், எல்லாம் தெளிவாகிவிட்டது, நிரூபித்துவிட்டோம் என்றேன். அவர் வாங்கவில்லை. கோபமாகவும் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கோபப்பட்டால் நான் பதில் பேசுவேன். மெதுவாகத்தான் பேசினார், வேனுக்கு நேரமாகிவிட்டது என்று வாசலைப் பார்த்துக்கொண்டே. அவர் கேட்ட ஒன்றுக்கு நான் அங்கே நின்று பதில் சொல்லவில்லை. பஸ் ஏறினதிலிருந்து யோசித்துக்கொண்டு வருகிறேன். அண்ணே, நான் என்றைக்கும் உங்களை நம்பினேன், சோதித்தது அப்பாவுக்காக என்று சொல்லியிருக்கலாம். சோதிக்காமல் எப்படி நிரூபிப்பது என்று கேட்டிருக்கலாம். நான் வாதாடியிருக்காவிட்டால் இன்றைக்கும் ஊர் உங்களைத் திருடன் என்றுதானே சொல்லும் என்றும் கேட்டிருக்கலாம். மூன்றும் சரியான பதில்தானே? ஆனால் ஆடை கட்டின காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

நீங்கள் அவருக்கும் வேண்டியவர் இல்லை, எனக்கும் வேண்டியவர் இல்லை. நியாயமாகச் சொல்லுங்கள். அவர் சொன்னது இவ்வளவுதான்:

"ரொம்பச் சந்தோசம் பாப்பா, எனக்காக இம்புட்டு அலைஞ்சிருக்க. ஒண்ணு மட்டும் கேக்குறேன், தப்பா எடுத்துக்கிறாத. அந்த மதுரை மெக்கானிக்கு, வண்டியில ஒரு பழுதும் இல்லம்மான்னு சொல்லியிருந்தா, இன்னைக்கு நீ எங்க வீட்டுக்கு வந்திருப்பியா?"